வீட்டுத்தோட்டச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது தானாக விதை உதிர்த்துத் தானாக முளைக்கும் பூச்செடிகளைப் பற்றித்தான். அதனால் அறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே.

காசித்தும்பை, அந்திமந்தாரை, நித்தியகல்யாணி, வாடாமல்லி, சங்குப்பூ எல்லாம் ஒருமுறை வைத்தால் வாசலை விட்டுப் போகாதவை. இப்போது ஏன் காணவில்லை என்ற கேள்வி ஆடி மாதக் கூட்டத்தில் எழுந்தது. பூத்து ஓய்ந்ததுமே செடியைப் பிடுங்கிவிடுகிறோம். ஐப்பசி மழையில் முளைப்பதைக் களை என்று கொத்திவிடுகிறோம். மிச்சமிருக்கும் மண்ணில் சிமெண்டு பூசிவிடுகிறோம். அப்புறம் எங்கிருந்து வரும்?

ஆகவே செடி நின்றபடியே காயட்டும், முதல் மழைக்குப் பின் சில வாரங்கள் மண்வெட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இதற்கு நாற்றை அடையாளம் காணத் தெரியவேண்டும். மூத்த பெண் உறுப்பினர்கள் தொட்டிகளில் நாற்றுகளை வளர்த்துக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்திமந்தாரை முளைத்ததும் முதலில் விரியும் வித்திலைகள் இரண்டும் அகலமானவை, ஒருமுறை பார்த்தால் மறக்காது. காசித்தும்பையில் அடுத்து வரும் இலைகளின் ஓரம் ரம்பம்போல் இருக்கும். இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள கூட்டம் அதுதான் என்பது என் கருத்து.

முற்றிய காசித்தும்பைக் காய் தொட்டாலே வெடித்து விதையைத் தெறிக்கும். கனகாம்பரக் காய்க்குத் தண்ணீர் பட வேண்டும். காய்ந்த கதிர் நனைந்ததும் படபடவென்று வெடிப்பதைப் பிள்ளைகள் ரொம்ப ரசித்தார்கள். சேமிக்க விரும்புவோர் காய் வெடிக்கும் முன்பே துணிப்பை கட்டிவிடவேண்டும்.

நிறம் மாறி முளைக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். சிவப்பு அந்திமந்தாரையும் வெள்ளையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும். பிளஸ் டூ தாவரவியலில் காரென்ஸ் என்ற அறிவியலாளரின் சோதனை என்று படிப்பது இதைத்தான். ஒரே நிறம் வேண்டுமானால் மற்ற நிறங்களைத் தள்ளி வையுங்கள். கடையில் வாங்கும் ஹைபிரிட் செண்டுமல்லியின் விதை, தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என்று நம்ப முடியாது. நாட்டுச் செடியில் விதை எடுப்பதே நல்லது. நாற்றுகள் நெருக்கமாக முளைத்தால் தயங்காமல் சிலவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். அந்திமந்தாரை விதை மிளகு போலிருக்கும், ஆனால் நஞ்சு. நித்தியகல்யாணியும் நஞ்சுதான். குழந்தைகளும் ஆடுமாடுகளும் இருக்கும் வீடுகளில் கவனம் தேவை.

தானாகப் பரவும் எல்லாமே நல்லதல்ல. உண்ணிச்செடி அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை அடைத்து நிற்கிறது. அதை நமது விதைப் பரிமாற்றத்தில் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியுள்ளோம்.

வரும் ஆண்டில் தெருவோரம் புல் வெட்ட வருபவர்களிடம் நாற்றுகள் உள்ள இடத்தைக் காட்ட ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்