பொட்டலத்தோடு காகிதமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாரிமுனை நடைபாதைப் பிள்ளைகளுக்குக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றையும் சேர்ந்த தன்னார்வலர்கள் உணவு கொடுத்துவருவது பற்றிய உங்கள் கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். எங்கள் தேவாலயப் பங்கின் இளைஞர்களோடு அதே பகுதியில் மாலை வகுப்பு எடுக்கிறவள் நான். கட்டுரை தொடாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் அல்ல. தாத்தா பாட்டி காலத்திலிருந்தே குடும்பம் அந்த நடைபாதையில்தான் இருக்கிறது. ஞாயிறு மதியம் நாலு பக்கமிருந்தும் சாப்பாடு வந்துவிடும். வராதது காகிதம். பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆதார் இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை. முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமலே விண்ணப்பத்தை மடித்துவைத்துவிடுகிறார்கள். வயதுச் சான்று இல்லை என்று சொல்லி எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், தெளிவாகவே சொல்கிறது. ஆனால் பூ விற்கும் ஒரு தாய் அதை எடுத்துச் சொன்னால் யார் காதில் விழுகிறது? அவரைத் திருப்பி அனுப்பிய ஒரு பள்ளிக்கு எங்கள் இளைஞர் ஒருவர் சட்ட நகலோடு கூடப்போனார். அன்றைக்கே பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அந்த ஒரு காலைப்பொழுதை நான் பல நாள் அன்னதானத்துக்கு மேலாக வைக்கிறேன்.

எங்கள் கத்தோலிக்க மரபில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. இத்தாலியின் துரின் நகரில் தெருப் பையன்களைச் சேர்த்துக்கொண்ட புனித தொன் போஸ்கோ, ஜெபமும் ரொட்டியும் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. 1852இல் ஒரு பையனைத் தச்சரிடம் தொழில் பழக விட்டபோது முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்: அடிக்கக் கூடாது, வாயால் மட்டுமே திருத்த வேண்டும், ஓய்வுநாளில் வேலை வாங்கக் கூடாது. அவர் தொடங்கிய துறவற சபையினர் சென்னையில் தெருப் பிள்ளைகளுக்காக நடத்தும் அன்பு இல்லமும் அந்த வழியில் வந்ததுதான்.

சென்ட்ரலிலும் எழும்பூரிலும் தனியாக வந்திறங்கும் பிள்ளைகள் கதை வேறு. இரக்கப்பட்டு அவர்களைத் தங்கள் வீட்டுக்கோ, பதிவு பெறாத விடுதிக்கோ கூட்டிப்போகும் பக்தர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் நல்ல மனம்தான். ஆனால் தேடி வரும் பெற்றோருக்கு அப்புறம் தடயமே கிடைக்காமல் போய்விடும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழு முடிவு சொல்லும்வரை பிள்ளை பக்கத்திலேயே இருப்பது, பிறகு இல்லத்துக்குப் போய்ப் பார்ப்பது, இதற்கெல்லாம் வாராவாரம் தவறாமல் வரும் ஆட்கள் வேண்டும். அரசு அலுவலர் இடமாற்றலாகிப் போவார். வழிபாட்டுத்தலத்துக்கு வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இன்னொன்று. பசியோடு நிற்கிற பிள்ளையின் கையில் பொட்டலத்தோடு மதப் பிரசுரத்தையும் திணிக்கக் கூடாது, யாராக இருந்தாலும். எங்கள் குழுவில் இதை உறுதியாகக் கடைப்பிடிக்கிறோம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தில் பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அதில் இருக்கும் சிறுமி இப்போது பள்ளிக்குப் போகிறாள். வகுப்பில் யாரும் அதைக் காட்டிக் கேட்கும் நிலை அவளுக்கு வர வேண்டாம். இணையப் பதிப்பிலிருந்தாவது அந்தப் படத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 1098 என்ற எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை ஒருவர்,
ஏழுகிணறு, சென்னை.