அஜினுக்கு, ரேடியேட்டரில் கை வைக்கும் முன்

அன்புள்ள அஜின் மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதிலிருந்து மனசு அங்கேதான் கிடக்கிறது. "ரேடியேட்டர் வந்துவிட்டது அப்பா, வருகிற சனிக்கிழமை நானே மாற்றிவிடுகிறேன்" என்றாய். ரேடியேட்டரைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. மேலே ஒரு ஹோஸ், கீழே ஒரு ஹோஸ், நாலைந்து போல்ட். அதை நீ செய்துவிடுவாய். வலது பக்க டேங்கில் இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்கள் வந்து சேருகின்றனவே, அவைதான் என்னைத் தூங்க விடவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். அக்கா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

இத்தனை வண்டி இருக்க 1989 செவர்லே கேப்ரிஸ் காரை ஏன் வாங்கினான் என்று அம்மா இன்னமும் கேட்கிறாள். எனக்குத் தெரியும். சவுதியில் தம்மாமில் இருந்து நான் அனுப்பிய போட்டோக்களில் பாதியில் பின்னால் நிற்பது அந்த வண்டிதான். அங்கே அப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் கேப்ரிஸ் நிற்கும். பெரிய வி8 இன்ஜின், பெரிய ஏசி, வீட்டு ஆட்கள் எல்லாரும் ஏறலாம். 45 டிகிரி வெயிலிலும் ஓடும். நீ அதை வாங்கினேன் என்று சொன்ன அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லவே இல்லை.

சரி, அந்தக் குழாய்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் மிதி கிடையாது. இன்ஜினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய்தான் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. அங்கே எண்ணெய் சுழன்று உரசிச் சூடாகும். அந்தச் சூட்டை எடுக்க, ரேடியேட்டர் டேங்குக்கு உள்ளேயே ஒரு சின்ன கூலரை வைத்திருக்கிறார்கள். ஒரு குழாய் வழியே சூடான எண்ணெய் வரும், கூலருக்குள் ஓடும், சுற்றிலும் இருக்கும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், சூட்டை வாங்கிக்கொள்ளும், இன்னொரு குழாய் வழியே எண்ணெய் திரும்பிப் போகும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு உலோகச் சுவர் மட்டும்தான்.

1993-ல் நான் அந்தச் சுவரை உடைத்தேன். தம்மாமில் வண்டி பழுது பார்க்கும் ஷெட்டில் சேர்ந்து இரண்டாவது வருஷம். இதே மாதிரி ஒரு கேப்ரிஸ் வந்தது, குழாய் கசிகிறது என்று. நட் இறுகிப் போயிருந்தது. ஒரே ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். நட் சுற்றியது என்றுதான் நினைத்தேன். உண்மையில் நட்டோடு சேர்ந்து அந்த நட் ஏறும், ரேடியேட்டரில் இருந்த அடாப்டரும் சுற்றியிருக்கிறது. உள்ளே கூலர் முறுக்கிக்கொண்டு, பற்றவைத்த இடத்தில் கீறல் விட்டுவிட்டது. வெளியே ஒரு சொட்டுக் கூட வரவில்லை. குழாயை மாற்றி, வண்டியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

எட்டாம் நாள் அந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியான கேஜை உருவிப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கிறது. வண்டி ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகம், அது தண்ணீருக்குள் போகும். இன்ஜினை அணைத்த பிறகு எண்ணெயில் அழுத்தம் போய்விடும், சூடான ரேடியேட்டரில் மட்டும் அழுத்தம் நிற்கும். அப்போது கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளில் உரசும் பட்டை பசை போட்டு ஒட்டியது. தண்ணீர் பட்டால் அது ஊறிப் பெயர்ந்துவிடும். கியர்பாக்ஸ் முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. என் இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குப் பணம் வரவில்லை. அம்மாவுக்கு, சம்பளம் தாமதம் என்று எழுதினேன். உண்மையை நேற்று ராத்திரிதான் அவளிடம் சொன்னேன், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது.

அதனால் இரண்டு ஸ்பேனர் எடுத்துக்கொள் மக்களே. ரேடியேட்டரில் இருக்கும் அடாப்டரை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடி. இன்னொன்றால் குழாய் நட்டைச் சுற்று. கழற்றும்போதும் அப்படித்தான், மாட்டும்போதும் அப்படித்தான். கை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்ய வேண்டும், ரேடியேட்டருக்கு ஒரு முறுக்கும் போகக்கூடாது.

அது அமெரிக்க வண்டி, அந்தக் குழாயும் நட்டும் இஞ்ச் அளவு. குழாய் 5/16 இஞ்ச் என்றால் நட் அரை இஞ்ச், அதாவது 12.7 எம்எம். கையில் இருக்கிறதே என்று 13 எம்எம் ஸ்பேனரைப் போட்டால் உட்காரும், ஆனால் இறுக்கி இழுக்கும்போது நட்டின் மூலைகளை மழுங்கடித்துவிடும். ஓப்பன் ஸ்பேனரும் வேண்டாம். ரிங் ஸ்பேனரில் குழாய் நுழைய ஒரு வெட்டு விட்ட மாதிரி ஒன்று விற்கும், ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று கேள். விலையைப் பார்க்காமல் வாங்கு.

நீ இருக்கிற டெட்ராய்ட்டில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். சாமிதோப்பு உப்பளம் பக்கம் நிறுத்தின சைக்கிள் என்ன ஆகும் என்று நீயே பார்த்திருக்கிறாய். அந்த நட்டும் குழாயும் துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். வியாழன், வெள்ளி இரண்டு சாயங்காலமும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடு. நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கினால் அங்கேயே நிறுத்து. அந்தக் குழாய் முடிந்தது, புதிதாகப் போட வேண்டும். நிக்கல் கலந்த செப்புக் குழாய் சுருளாகக் கிடைக்கும், கையாலேயே வளையும், உப்புக்குத் துருப்பிடிக்காது.

நீ அனுப்பிய படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். முன்னால் வைத்திருந்தவர் கீழ்க்குழாயை அறுத்து, நடுவில் ரப்பர் ஹோஸ் வைத்து கிளிப் போட்டிருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அது ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் ஹோஸாக இருந்தால் சூடான எண்ணெயில் ஊதி இளகிவிடும். கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். அறுத்த குழாயின் முனையைக் கொஞ்சம் புடைக்க வைக்காமல் ஹோஸை மாட்டினால் ஒருநாள் ஹைவேயில் வழுக்கி வந்துவிடும். முடிந்தால் அந்தத் துண்டையே எடுத்துவிட்டு முழுக் குழாய் போடு.

பழையதைக் கழற்றும் முன் புதிய ரேடியேட்டரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். கூலர் வாயின் அளவும் மரையும் ஒன்றுதானா? சிலவற்றில் வேறு மாதிரி வரும், அடாப்டர் தேடி அலைய வேண்டிவரும். வாயில் பிளாஸ்டிக் மூடி அடைத்து அனுப்பியிருப்பார்கள், எடுக்க மறக்காதே. குழாய்கள் இரண்டிலும் மேல், கீழ் என்று துணி கட்டி வை.

மாட்டும்போது முதலிலேயே ஸ்பேனரைத் தொடாதே. நட்டை விரலால் மூன்று நாலு சுற்று ஏற்று. விரலுக்கு ஏறவில்லை என்றால் மரை குறுக்கே பிடிக்கிறது, கழற்றிவிட்டுக் குழாயைக் கொஞ்சம் ஆட்டி மறுபடி வை. டெஃப்லான் டேப் சுற்றாதே. அங்கே அடைப்பது மரை அல்ல, குழாயின் விரிந்த வாய் உள்ளே இருக்கும் கூம்பில் உட்காருவதுதான். டேப்பின் நூல் எண்ணெயோடு உள்ளே போனால் வேறு வினை.

அப்புறம் இரண்டு ஸ்பேனராலும் இறுக்கி, கூலன்ட் நிரப்பி, இன்ஜினை ஓட விட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு பார்க்கில் (P) வை. சூடானதும், சமதளத்தில், இன்ஜின் ஓடும்போதே கேஜைப் பார். குறைந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. வெள்ளைத் துணியால் இரண்டு நட்டையும் துடைத்துப் பார், சிவப்பு ஒட்டக்கூடாது. மறுநாள் காலையிலும் ஒருமுறை பார். வடித்த கூலன்டைத் திறந்து வைக்காதே, இனிப்பாக இருக்கும், பக்கத்து வீட்டு நாய் நக்கினால் செத்துப்போகும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதே என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நீ காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் இங்கே சாயங்காலம் 6.30. முதல் நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் வீடியோ கால் போடு. போனை எங்கேயாவது சாய்த்து வை, இரண்டு கையும் எனக்குத் தெரிய வேண்டும். வேலை முடிய ராத்திரி எத்தனை மணி ஆனாலும் நான் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா