கொலையாளி வெளியாள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து ஜோடிகள் ரியாலிட்டி ஷோவில் மோதிக்கொள்ள, நடுவில் கொலை விழும் மர்மத் தொடர்கதை சென்ற வாரம் தங்கள் இதழில் முடிந்தது. முட்டத்திலும் மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் கதை நடந்ததால் எங்கள் பக்கத்தில் அதற்கு நல்ல வரவேற்பு. ஆனால் முடிவு என்னைப் பெரிதும் ஏமாற்றிவிட்டது.

மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவன் நான். "இவரோட இனி முடியாது" என்று மனைவி சொல்ல, அடுத்த ஷாட்டில் கணவன் சிரிக்கும் அத்தியாயம் அவ்வளவு உண்மை. அவள் பேசியது இரவில், டாஸ்க்கைப் பற்றி. அவன் சிரித்தது காலையில், தோசை திருப்பும்போது. பேச்சை நடுவில் வெட்டி ஒட்டினால் பேசுகிறவர் முகத்தைக் காட்ட முடியாது, வாயசைவில் வெட்டு தெரிந்துவிடும். அதனால் அந்த இடத்தில் கேட்பவர் முகத்தை வைப்பார்கள். காது கொடுத்துக் கேட்டால் பின்னால் ஓடும் ஃபேன் சத்தம் சட்டென்று மாறுவது பிடிபடும். வீட்டில் பார்ப்பவர்கள் அதையா கவனிக்கிறார்கள்? இந்தச் சூட்சுமத்தைக் கதையே விளக்கிய பிறகும், கடைக்கு வந்த ஒரு அம்மா, "அந்தச் சிரிப்பு சிரிச்சவன் செத்தா என்ன மக்கா" என்றார்.

115 அடி உயரத் தொட்டிப்பாலத்தில் ஷோ எடுப்பவர்கள் ஜோடியை நிறுத்தி, "காத்துல ஆடியோ போச்சு, அந்தச் சண்டைய இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்கும் இடத்தில் எனக்கு உடம்பு நடுங்கியது. அங்கே காற்று அடிக்கும் வேகம் எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மதில் ஏறிக் குதித்த மனநோயாளி ரசிகன்தான் கொலைகாரன் என்று முடித்தால் எப்படி? சண்டையை மூட்டியவர்கள் மீது ஒரு கீறல்கூட விழவில்லை. மனநோயாளி என்றாலே கொலைகாரன் என்பதையும் நம் கதைகள் விட்டுவிட வேண்டும்.

தமிழில் பிக் பாஸ் 2017-இல் வந்தது. 24 மணி நேரப் பதிவை ஒரு மணி நேரமாக வெட்டுவது என்றால் என்ன என்று நம் மக்கள் யோசிக்க இந்தக் கதை நல்ல வாய்ப்பு. பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம், பங்கேற்பவர்களின் நலனில் உரிய அக்கறை எடுக்க வேண்டும் என்று 2021 முதல் விதியே வைத்திருக்கிறது. கதையில் வரும் ஜோடிகளுக்கு ஆறுதல் சொல்லக்கூட ஆளில்லை.

இன்னொன்று. இன்ஸ்பெக்டர் ஒளிபரப்பான எபிசோடுகளையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார், மூலப் பதிவைக் கேட்கவே இல்லை. கேமராவில் பதிவாகும் கிளிப்புகளில் டைம்கோட், அதாவது எந்தக் காட்சி எப்போது பதிவானது என்று காட்டும் நேரக் குறியீடு, இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை வாங்கி அந்தச் சிரிப்பையும் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், விசாரணை நேராகத் தயாரிப்பாளர் அறைக்குப் போயிருக்கும்.

நூலாக வரும் முன் கடைசி இரண்டு அத்தியாயங்களைக் கதாசிரியர் மாற்றி எழுத வேண்டும். எடிட்டிங் விவரம் எது வேண்டுமானாலும் கேட்கட்டும், சொல்லக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.