லைட் சோயா சாஸ்னு சொல்லி என்னத்தங்க அனுப்பினீங்க?

கஸ்டமர் கேருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க லைட் சோயா சாஸ் 200 மில்லி பாட்டில் ரெண்டு ஆன்லைன்ல வாங்கினேன். மூணு தடவ போன்ல சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கல, அதான் எழுதுறேன்.

நான் 9 வருஷம் சிங்கப்பூர் ஷிப்யார்டுல வேல பாத்தவன். எங்க சீனக்கார சூப்பர்வைசர் வீட்ல சீனப் புத்தாண்டுக்கு மீன ஆவில வேகவச்சு தருவாங்க, இஞ்சிய நூல் மாதிரி நறுக்கி மேல தூவி, வெந்ததும் தட்டுல நிக்கிற தண்ணிய வடிச்சுட்டு, வெங்காயத்தாள் போட்டு காய்ஞ்ச எண்ணெய சொர்ருனு ஊத்தி, கடைசில லைட் சோயா சாஸ் ரெண்டு ஸ்பூன், அவ்ளோதான், மசாலாவே கிடையாது, சாஸ் சரியில்லன்னா மீனே போச்சு.

ஞாயித்துக்கிழம கொடுவா மீன் வாங்கி அப்படியே செஞ்சேன். உங்க சாஸ் பட்டதும் வெள்ள வெளேர்னு இருந்த மீன் கரியா போச்சுங்க. வாயில வச்சா சுருக்குனு உப்பு, பின்னாடியே தித்திப்பும் கசப்புமா ஏதோ ஒண்ணு. என் மாமியார் "மாப்ள, மீனு தீஞ்சிருச்சா"ன்னு கேட்டாங்க.

அப்புறம்தான் லேபிள படிச்சேன். முன்னாடி பெருசா 'இயற்கையா நொதிக்க வச்சது', பின்னாடி எறும்பு சைஸ்ல ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், 150டி கேரமல் கலர், சர்க்கர. சோயாவையும் வறுத்த கோதுமையையும் கலந்து கோஜி பூஞ்ச புடிக்க வச்சு உப்புத்தண்ணில மாசக்கணக்கா ஊறப்போட்டு எடுக்கறதுதான் நொதிக்க வச்ச சாஸ். நீங்க போட்டிருக்கற ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன், ஆசிட்ல புரோட்டீன ஒடச்சு சில நாள்ல எடுக்கறது, அது வேற சரக்கு. அதையும் விக்கிறாங்க, வித்துட்டுப் போங்க, ஆனா அதுக்கு மேல ஏன் இயற்கைன்னு ஒட்டுறீங்க?

போன்ல பேசுன தம்பி "லைட்னா உப்பு கம்மி சார், ஃப்ரைட் ரைஸுக்கு போடுங்க, கலர் நல்லா வரும்"ங்கறாரு. தம்பி, லைட்தான் உப்பு ஜாஸ்தி, கலர் கம்மி. கலருக்குன்னு டார்க் சோயா தனியா இருக்கு. விக்கிறவங்களுக்கே இது தெரியலன்னா நான் யார்கிட்ட போய் சொல்ல?

ரெண்டு பாட்டில் காசும் திருப்பித் தாங்க, லேபிளயும் மாத்துங்க. பில், லேபிள் போட்டோ இதோட வச்சிருக்கேன். ஒரு பாட்டில் இன்னும் சீல் ஒடைக்கல, ஆள் அனுப்புங்க, குடுத்துடறேன். மீன் காசு கேக்கல.