ஒரே மூச்சில் ஒரு ழ

அடியே வாயாடி,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, என் சோம்பலும் அப்படியே. பதினொரு மாதமாகப் பதில் போடாததற்கு என்னைத் திட்டுவாய், தெரியும். கடைசி வரி வரை படித்துவிட்டு மொத்தமாகத் திட்டிக்கொள்.

விஷயம் இதுதான். எனக்கு நியான் விளக்குக் குழாய் வளைக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் போன வாரம் பர்னரை அணைத்துவிட்டார், ஒரேயடியாக. கை நடுக்கம் கொஞ்ச நாளாகவே இருந்தது, யாரிடமும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊதும் ரப்பர் குழாயைச் சுருட்டி என் கையில் வைத்து, "மேசை, பம்ப், ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் நீ எடுத்துக்கொள்வதானால் சொல். இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன்" என்றார். ஒரு மாதம் கெடு. அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

"நியான்தானே? கடை போர்டு வேலை" என்று நீ சொல்லப்போவது இங்கே கேட்கிறது. முன்பும் அதையேதான் சொன்னாய், அதுவும் அவரை எதிரில் வைத்துக்கொண்டு! மனுஷர் மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்தத் தடவை நீ வாயைத் திறக்கும் முன் நான் பேசிவிடுகிறேன்.

கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைக் கார்க்கால் அடைக்க வேண்டும். மறுமுனையில் ரப்பர் குழாய், அதன் நுனி என் பல்லிடுக்கில். நீளவாக்கில் எரியும் பர்னருக்கு மேல் இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருந்தால், தீ மஞ்சளாக மாறும், கண்ணாடி நூல் மாதிரி துவளும். அந்த நொடியில் தீயிலிருந்து எடுத்து, மேசையில் வரைந்து வைத்த கோட்டின்மேல் வளைக்க வேண்டும். வளையும்போது குழாய் மடிந்து நசுங்கப் பார்க்கும். அப்போது மெல்ல ஊத வேண்டும். அதிகம் ஊதினால் பலூன், குறைத்தால் சப்பை. சில நொடிகளில் இறுகிவிடும், திருத்த முடியாது. களிமண்ணை மறுபடி பிசையலாம், ஓவியத்துக்கு மேலே வர்ணம் பூசலாம். இதில் வளைவு தப்பினால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு வேறு துண்டை ஒட்ட வேண்டியதுதான்.

இன்னொன்று கேள். எழுத்தின் முகப்பு மேசையைப் பார்த்துக் கிடக்கும் என்பதால் எல்லாவற்றையும் கண்ணாடி பிம்பமாக, இடவலம் மாற்றி வளைக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் முழு விடைத்தாளையும் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் நின்றவள் யாரென்று நான் சொல்ல மாட்டேன்.

நான் முதலில் முயன்றது ஒரு 'ழ'. நம் எழுத்து முழுக்க வளைவு, நியானுக்கென்றே பிறந்தது என்ற நினைப்பு. ஒன்பது தடவை உடைந்தது. ஒன்பதாவது தடவை கடைசிச் சுழி வரை வந்துவிட்டேன். தீயின் ஓரம் ஏற்கெனவே ஆறிப்போன பகுதியில் பட்டது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பத்தாவதில் எழுத்து வந்தது. அப்புறம் மேலே புள்ளி வைக்க ஆசைப்பட்டேன். தாளில் புள்ளி தனியாக மிதக்கும், கரண்ட் மிதக்குமா? குழாயின் ஒரு முனையிலுள்ள எலெக்ட்ரோடில், அதாவது மின்முனையில், புகுந்து மறுமுனையில் உள்ளதில் வெளியேற ஒரே பாதை வேண்டும். ஆகவே குழாயை எழுத்துக்குப் பின்னால் மடக்கி, மேலே கொண்டுபோய், குட்டி வளையமாகச் சுற்றி, திரும்பக் கீழே இறக்க வேண்டும். போகும் வரும் வழிக்கெல்லாம் கறுப்பு பெயின்ட். பார்க்கிறவர்களுக்குப் புள்ளி மட்டும் தெரியும். உள்ளுக்குள் அந்தக் கறுப்புக்கு அடியிலும் அதே வெளிச்சம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வளைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. குழாயைப் பம்பில் மாட்டிக் காற்றை இழுத்து, உள்ளே பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சிக் கண்ணாடியையே சுட வைக்க வேண்டும், ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கெல்லாம் ஆவியாகிப் போக. சூடு 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். வாத்தியார் தெர்மாமீட்டரைத் தேடமாட்டார், குழாய்மேல் ஒரு காகிதத் துண்டைப் போடுவார். அது பழுப்பேறினால் சரி. எலெக்ட்ரோடுகள் செக்கச் சிவந்து நிற்கும். அந்த நேரத்தில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன், அது அவருடைய உத்தரவு. எரியும் குழாய்க்கே 15,000 வோல்ட் வரை போகும், இதைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? (அம்மாவிடம் வோல்ட் கணக்கைச் சொல்லித் தொலைக்காதே. தையல் வகுப்பு மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.)

எல்லாம் ஆறியபின் கொஞ்சூண்டு நியான் வாயு. வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். சுவிட்சைப் போட்டால் உள்ளே பாயும் எலெக்ட்ரான்கள் அணுக்களை முட்டி, வாயு பிளாஸ்மாவாகி, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவாகி, எரியும். அந்த ஆரஞ்சுச் சிவப்பு சாயமில்லை, நியானின் சொந்த நிறம். கண்ணாடி வெறும் கண்ணாடி. நீலம் வேண்டுமானால் ஆர்கான் என்ற வேறு வாயுவும் ஒரு துளி பாதரசமும். மற்ற நிறங்களுக்கு உட்புறம் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடிப் பூச்சு. எனக்கு அந்த வெறும் சிவப்புதான் பிடித்திருக்கிறது.

பிசிக்ஸ் மிஸ் மேசையில் ஒரு கண்ணாடி உருண்டை இருந்ததே, விரல் வைத்தால் ஊதா நரம்பு ஓடி வருமே, நீ மூக்கை வைத்தாயே! அதுவும் இதே குடும்பம்தான். வாயுக்களின் கலவையும் அழுத்தமும் வேறு, மின்சாரம் அதிவேகத்தில் திசை மாறும், அதனால் வெளிச்சம் பரவி நிறையாமல் இழை இழையாகப் பிரிகிறது. அதை வைத்தே சிற்பம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் அவ்வளவு தைரியம் வரவில்லை.

1898ல் லண்டனில் ராம்சே, டிராவர்ஸ் என்ற வேதியியலாளர்கள் இந்த வாயுவைக் கண்டுபிடித்தபோது, ராம்சேயின் 13 வயது மகன் லத்தீனில் 'நோவம்' என்று பெயர் வைக்கச் சொன்னானாம். அப்பா அதையே கிரேக்கத்தில் மாற்றி 'நியான்', புதியது, என்று வைத்தார். 1910ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் க்ளோட் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பெரிய நியான் குழாய்களை எரித்துக் காட்டினார். காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் தொழிலில் மிச்சமாகக் கிடைத்த வாயு அது. இதே க்ளோட் பின்னாளில் நாஜிகளுக்கு ஒத்துழைத்த குற்றத்துக்காக 1945ல் ஆயுள் தண்டனை பெற்றார். இதைப் படித்த அன்று பர்னரைப் பற்றவைக்க மனசே வரவில்லை.

சரி, கடை போர்டு என்றாயே. 1951ல் இத்தாலியில் மிலான் ட்ரியென்னாலே கண்காட்சியில் லூசியோ ஃபொன்டானா என்ற கலைஞர் படிக்கட்டுக்கு மேலே ஒரு நியான் கிறுக்கலைத் தொங்கவிட்டார், காற்றில் யாரோ டார்ச்சைச் சுழற்றினாற்போல. 1967ல் புரூஸ் நாமன் என்ற அமெரிக்கக் கலைஞர் ஜன்னலுக்காகவே ஒரு சுருள் வாக்கியம் செய்தார், அசல் கடை போர்டு மாதிரி. ஆக, போர்டு என்று நீ சொன்னது தப்பே இல்லை. அவர்களும் அதைத் தெரிந்தேதான் எடுத்தார்கள்.

எனக்குத் தொண்டையில் சிக்கியிருப்பது வேறு. போன வருடம் ஒரு கண்காட்சிக்கு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெரிய நியான் வேலைக்கு முன்னால் நின்றுவிட்டார். வளைத்தது அவர்தான். பக்கத்து அட்டையில் கலைஞர் பெயர், வருடம், 'நியான், கண்ணாடி, ட்ரான்ஸ்ஃபார்மர்' என்று போட்டிருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு இருந்த இடம் இவருக்கு இல்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவரோ ஒரு மூலையைக் காட்டி, "இந்த வளைவில் மூச்சு கொஞ்சம் பிந்திவிட்டது, பார்" என்று சிரித்தார். நான் எவ்வளவு பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. யோசனை அந்தக் கலைஞருடையது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போன மூச்சு யாருடையது?

இப்போது எல்.இ.டி. பட்டையைச் சிலிக்கானில் பொதிந்து அதற்கும் நியான் என்றே பெயர் வைத்து விற்கிறார்கள். உடையாது, கரண்ட் கம்மி, நியாயம்தான். ஆனால் அதற்கு முதுகு உண்டு, வெளிச்சம் ஒரு பக்கமே பார்க்கும். குழாயில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் நிற்கும், பின்சுவரிலும் படியும். சரியாகச் செய்த குழாய் முப்பது நாற்பது வருடம் எரியும். இதைச் செய்யும் மேசையையும் பம்பையும்தான் வாத்தியார் பழைய இரும்புக்குப் போடுவதாகச் சொல்கிறார்.

பயமாக இருக்கிறதடி. இரண்டு வருடம்தான் கற்றிருக்கிறேன். கை தேற இன்னும் பல வருடம் வேண்டும் என்று அவரே சொல்கிறார். சந்தேகம் வந்தால் எட்டிக் கேட்க அவர் பக்கத்தில் நிற்கமாட்டார். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார், அந்தத் தொனி உனக்குத் தெரியும். வேண்டாம் என்று நீ சொன்னால் ஒரு வாரம் கோபப்பட்டுவிட்டு யோசிப்பேன், நிஜமாக.

வேண்டும் என்று சொல்வதாக இருந்தால் ஒரு வேலை செய். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், ஒரே கோட்டில், ஏதாவது வரைந்து அனுப்பு. என் மேசையில் முதலில் அதைத்தான் வளைப்பேன். தயவுசெய்து நேராக வரை. திருப்பிப் போடும் வேலையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
உடைக்கிறவள்