ஹம்பியின் இரண்டாவது இன்னிங்ஸையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

செஸ் வீராங்கனை கோனேரு ஹம்பி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2002-ல், 15 வயதில் அவர் செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றதும், மிகக் குறைந்த வயதில் அதைப் பெற்ற பெண் என்ற ஹங்கேரியின் யூதித் போல்காரின் சாதனையை மூன்று மாத வித்தியாசத்தில் முறியடித்ததும் விரிவாக இருந்தன. மகிழ்ச்சி. ஆனால் அவருடைய கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது 2017-க்குப் பிறகு நடந்ததுதான். அது உங்கள் கட்டுரையில் இரண்டே வரியில் முடிந்துவிட்டது.

அந்த ஆண்டு அவருக்கு மகள் பிறந்தாள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போட்டிகளில் அவர் இல்லை. 2019 டிசம்பரில் மாஸ்கோவில் மகளிர் உலக ரேபிட் (குறைந்த நேரத்தில் ஆடும் வேகச் செஸ்) போட்டி. முதலிடத்தில் சமநிலை வந்ததால் நடந்த டை-பிரேக்கில் சீனாவின் லெய் டிங்ஜியிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றார். அடுத்ததை வென்றார். கடைசியாக, வெற்றியாளரை முடிவு செய்யும் ஆர்மகெடான் ஆட்டம். அதில் கறுப்புக் காய்களுக்கு நேரம் குறைவு, ஆனால் டிரா செய்தாலே வெற்றி. ஹம்பிக்குக் கறுப்பு. கடிகாரம் ஓட ஓட நிதானம் தவறாமல் டிரா செய்து பட்டத்தை வாங்கினார். 2024-ல் நியூயார்க்கில், 37 வயதில், அதே பட்டம் மறுபடியும்!

என் மகள் படிக்கும் செஸ் வகுப்பில் பத்தாம் வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். "செஸ்ஸா சோறு போடும்? நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு ஆனா என்ன செய்வா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் கட்டுரை ஒன்று வேண்டும். ஹம்பிக்குப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியில் கிடைத்த வேலை எந்த அளவு கைகொடுத்தது? அவர் வெளிநாட்டில் ஆடும்போது குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் இன்னொரு இந்திய கிராண்ட்மாஸ்டர் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடி அணியோடு வெண்கலம் வென்றாரே, அதன்பின் எப்படித் திரும்பி வந்தார்?

பரிசுப் பணத்தையும் எழுதுங்கள். 2025 மகளிர் உலகக் கோப்பையை வென்ற திவ்யா தேஷ்முக்குக் கிடைத்தது 50,000 டாலர். அதே ஆண்டு கோவாவில் நடந்த பொதுப் பிரிவு உலகக் கோப்பையை வென்றவருக்கு 1,20,000 டாலர். பெண்கள் பிரிவில் போட்டியாளர்கள் குறைவு என்பார்கள். சரி, ஆனால் விமான டிக்கெட்டும் பயிற்சியாளர் கட்டணமும் பெண் என்பதற்காகக் குறைவதில்லையே?

இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் (பெண்களுக்கென்று தனியாக உள்ள பட்டம்) எஸ்.விஜயலட்சுமி நம் சென்னைக்காரர். பேட்டியை அவரிடமிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
வாசகி ஒருவர், மதுரை