ஓட்டம் பதினாறு வயதில் முடிவதில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டின் முதல் மாதங்களில் தங்கள் பத்திரிகையின் உட்பக்கங்களில் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிப் படங்கள் தவறாமல் வருகின்றன. பிரதம விருந்தினர் மாலையோடு நிற்கிறார், பாண்ட் அணி நடந்து வருகிறது, வென்ற இல்லத்தின் கேடயத்தை எல்லோருமாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நூறு மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளையின் பெயர் சில வேளைகளில் இருக்கும். அவள் எத்தனை செக்கனில் ஓடினாள் என்பதை மட்டும் நான் பார்த்ததே இல்லை. குறுந்தூர ஓட்டக்காரிக்கு அந்த நேரம்தான் சொத்து. பதக்கம் அன்று அவளோடு ஓடியவர்கள் யார் என்பதைப் பொறுத்தது, நேரம் அவளுடையது. போன வருடத்தை விட இந்த வருடம் அது குறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு பயிற்றுவிப்பாளர் அவளுடைய எதிர்காலத்தைக் கணிக்கிறார்.

கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். இங்கே நமது பிள்ளைகளின் ஓட்டம் எங்கே நின்றுபோகிறது என்பதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். பதினாறு வயதளவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய வருடத்தில் நிற்கிறது. வலய மட்டத்தில் வென்று மாகாண மட்டத்துக்குத் தெரிவான பிள்ளையைக்கூட, அந்த வருடம் ரியூசன் வகுப்பைக் காரணம் காட்டி வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் திரும்பி வருவாள் என்பார்கள். உயர்தர வகுப்புத் தொடங்கிவிடும், பிள்ளை வரமாட்டாள்.

என்னிடம் பயின்ற ஒருத்தியின் தந்தை, “ஓடி என்ன கிடைக்கும் ரீச்சர்?” என்று மரியாதையாகவே கேட்டார். புறக்கோட்டையில் கூலிக்கு நின்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால், ஓட்டம் பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடும் ஒரு விளையாட்டு என்று அவர் நினைத்ததுதான் எனக்கு வலித்தது. அவர் மட்டுமல்ல, நமது பாடசாலை அதிபர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உண்மை அதற்கு நேர்மாறானது. பதினான்கு வயதில் முன்னால் ஓடும் பிள்ளை பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்னரே வளர்ந்துவிட்ட பிள்ளை. அது இயற்கை தந்த முற்பணம், அவ்வளவுதான். நூறு மீற்றரில் உச்ச வேகம் ஐம்பது, அறுபது மீற்றரைத் தாண்டும்போதுதான் வருகிறது. அதற்குப் பிறகு எல்லோருடைய வேகமும் குறையத்தான் செய்யும். யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவரே வெல்கிறார். அந்தப் பிடிமானம் தொடையிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் ஊறுவதற்குப் பல வருடங்கள் வேண்டும். சரியான தொடக்கத்தைப் பழகவே ஓரிரு பருவங்கள் போய்விடும்.

நமது நாட்டின் ஓட்டக்காரி சுசந்திகா ஜயசிங்கவின் வயதுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். வரக்காப்பொல பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். 1997இல் ஏதென்ஸ் உலக சம்பியன்ஷிப்பில் 200 மீற்றரில் வெள்ளி வென்றபோது வயது 21. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அதே தூரத்தை 22.28 செக்கனில் ஓடி வெண்கலம் வென்றபோது 24. பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றர் தங்கத்தை வென்றபோது 26. ஒசாகாவில் உலக சம்பியன்ஷிப் வெண்கலத்தைப் பெற்ற 2007இல் 31. இரண்டு உலகப் பதக்கங்களுக்கு இடையே பத்து வருடங்கள்! அதற்குள் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டையும் சந்தித்து, அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். சிட்னியில் அவருக்கு முன்னால் ஓடிய மரியன் ஜோன்ஸ்தான் பின்னர் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். சுசந்திகாவின் சிட்னி வெண்கலம் வெள்ளியாக மாறியது 2009இல். ஜோன்ஸ் இழந்த தங்கத்தைப் பெற்ற போலின் டேவிஸுக்கும் அவருக்கும் இடையே இருந்தது செக்கனில் நூறில் ஒரு பங்கு. டங்கன் வைட் 1948இல் லண்டனில் வென்ற வெள்ளியையும் இதையும் விட்டால் இந்த நாட்டுக்கு வேறு ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. இவர் பதினாறு வயதில் நின்றிருந்தால் என்ற நினைப்பே எனக்குத் தாங்கவில்லை.

நமது யுபுன் அபேகோன் நூறு மீற்றரைப் பத்து செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியராக 2022இல் சுவிட்சர்லாந்தில் 9.96 ஓடியபோது அவருக்கு 27 வயது. அதே வருடம் ஜமைக்காவின் ஷெலி-ஆன் பிரேசர்-பிரைஸ் 35 வயதில், தாயான பின்னர், உலக சம்பியனானார். நம்மை விட மிகச் சிறிய தீவு நாடான சென். கிட்ஸைச் சேர்ந்த கிம் கொலின்ஸ் தமது வாழ்நாளின் சிறந்த நேரமான 9.93ஐப் பதிவு செய்தது நாற்பதாவது வயதில்.

படிப்புக் கெடும் என்போருக்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை நினைவூட்டுகிறேன். அவர் உயரம் பாய்ந்தவர், ஓட்டக்காரர் அல்லர். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் படித்த பிள்ளை இரண்டு ஒலிம்பிக்குகளில் பங்குபற்றி, 1958இல் டோக்கியோவில் இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவின் முதல் தங்கத்தை வென்று, பின்னர் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இன்றும் விளையாட்டில் அசாதாரண திறமை காட்டி, உயர்தரத்தில் சித்தியும் பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. இதை அறிந்த தமிழ்ப் பெற்றோரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

பாடசாலையை விட்ட பிறகு எங்கே போவது என்பதுதான் மிகவும் கடினமான கேள்வி. நமது நாட்டில் தேசிய மட்டத்தில் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோரைத் தாங்குவது இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள். சம்பளமும் சாப்பாடும் பயிற்சிக்கு நேரமும் அங்கே கிடைக்கின்றன. நமது பிள்ளைகள் அந்தப் பக்கம் போவது மிகக் குறைவு. ஏன் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. அப்படியானால் அவர்களுக்கென்று சிவில் கழகங்கள் வேண்டும். சுகததாச விளையாட்டரங்கு கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 2002இல் ஆசிய மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் நடந்த அரங்கு அது. அதன் மதிலோரமாகத் தினமும் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே செயற்கை ஓடுபாதையில் கால் வைத்திருப்பார்கள்?

கொழும்புத் தமிழ் வர்த்தகப் பெருமக்களிடம் இதை வெளிப்படையாகவே கேட்கிறேன். கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளுக்குக் கிண்ணமும் ரீசேட்டும் தாராளமாகத் தருகிறீர்கள், நன்றி. குறுந்தூர ஓட்டக்காரிக்கு வேண்டியது ஸ்பைக் சப்பாத்து, பயிற்சிக்குப் போய்வரும் பஸ் செலவு, பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டை, மாலை இருட்டில் வீடு திரும்பத் துணை. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்துவதற்கு ரியூசனை விட அதுவே பெரிய காரணம். ஒரு நிறுவனம் இரண்டு பிள்ளைகளை ஐந்து வருடங்களுக்குப் பொறுப்பேற்று, அரை நாள் வேலையும் தந்தால் போதும். ஒரு வருடத்தில் பதக்கம் கேட்டுவிடாதீர்கள்.

தங்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. முடிவுகளை நேரத்தோடு பிரசுரியுங்கள். கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுத்த நேரமா, இலத்திரனியல் நேரமா என்பதையும் குறிப்பிடுங்கள். துப்பாக்கியின் புகையைக் கண்டு விரல் அசைவதற்குள் ஒரு கணம் போய்விடுவதால் கையால் எடுத்த நேரம் எப்போதும் நல்லதாகவே தெரியும். 100, 200 மீற்றர்களில் அதோடு 0.24 செக்கன் கூட்டித்தான் ஒப்பிடுவது வழக்கம். புற்தரையில் 12.4 என்று எழுதப்பட்ட பிள்ளை சுகததாச அரங்கில் இலத்திரனியல் நேரத்தில் 12.6 ஓடும்போது தான் பின்தங்கிவிட்டதாக நினைத்து அழுகிறாள். அவள் பின்தங்கவில்லை என்பதைச் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

மேல் மாகாணப் பாடசாலைகளின் வலய மட்டப் போட்டிகள் நடக்கும்போது செய்தியாளர் ஒருவரை அனுப்பி வையுங்கள். அறிவிப்பாளர் மேசையில் கேட்டால் முடிவுத் தாள்களைக் காட்டுவார்கள். அடுத்த வருடம் அதே பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், ஓடுகிறார்களா, நின்றுவிட்டார்களா என்பதையும் அவர் தேடி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.